முன்கூட்டியே ஒரு பரிகாரம்

"ஒரு பாவத்துக்குப் பரிகாரம் வேணும், தாயே" என்றான் அரசன் சேந்தன்.

"என்ன பாவம் செஞ்சே?"

"இன்னும் செய்யலை. சாயங்காலம்தான் செய்யப்போறேன்."

குகையில் தவமிருக்கும் குகையம்மை சிரித்துவிட்டாள். அவள் அரசனைவிட இளையவள். நரைத்த மீசையோடு அவன் அவள் காலில் விழுவது அரண்மனையில் யாருக்கும் பிடிக்கவில்லை. அவளுக்கும் பிடிக்கவில்லை.

"குளிக்கிறதுக்கு முன்னாலயே துண்டைக் கேக்கறியே. சரி, ஒழுகாத இடமாப் பார்த்து உட்காரு."

வெளியே விடாத மழை. குகையின் கூரையில் மூன்று இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டும் இடங்களில் பானை வைத்திருந்தாள்.

அரசன் சொன்னான். ஏரி நிரம்பிவிட்டது. இரவுக்குள் கரை உடைந்துவிடும். தானாக உடைந்தால் மேற்கே இருக்கும் தலைநகரம் போய்விடும். அதற்குமுன் கிழக்கு முனையில் கரையை வெட்டிவிட்டால் நகரம் தப்பும். ஆனால் கிழக்கே கீழமண்ணூர் இருக்கிறது. குயவர்களின் ஊர். அது முழுகிவிடும்.

"ஊர்ச் சனத்தை மேட்டுக்கு அனுப்பிட்டியா?"

"சொன்னா போகமாட்டாங்க. தடியை எடுத்துக்கிட்டு வந்து கரையைக் காவல் காப்பாங்க. அப்புறம் நகரம்தான் போகும். அதனால சொல்லாமலே வெட்டிரணும்னு அமைச்சர் சொல்றார்."

"நீ என்ன சொல்றே?"

"அமைச்சர் சொல்றது சரிதான்."

"பின்னே ஏன் இங்க வந்தே?"

அரசன் நனைந்த மேலாடையைப் பிழிந்தான்.

"காலையிலிருந்து சோறு இறங்கலை" என்றான் அரசன்.

அந்த நாட்டு அரசர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கூடாதது எதையாவது செய்துவிட்டால் உடனே ஒரு கோயில் கட்டிவிடுவார்கள். அந்த நாட்டில் கோயில்களுக்குக் குறைவே இல்லை.

"கீழமண்ணூர்க்காரங்க பேர்ல ஒரு கோயில் கட்டிரட்டுமா?"

"வெள்ளத்துல செத்தவங்களுக்கு நம்ம நாட்டு முறை என்ன?"

அரசனுக்குத் தெரியும். வெள்ளம் யாரால் வந்ததோ அவனே பிணங்களைத் தன் தோளில் சுமந்து மேட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

"என் பாட்டனார் சுமந்திருக்கார்" என்றான் மெதுவாக. "அதுக்கப்புறம் அவர் யாரோடயும் பேசினதே இல்லையாம்."

"அதுதான் பரிகாரம். போய்ச் செய்."

"இப்பவா? இன்னும் யாரும் சாகலையே!"

"முன்னாலயே வேணும்னு கேட்டது நீதானே? இப்பவே தூக்கு. ஊறிப்போனா கனம் கூடும்."

அவள் எழுந்து, நிரம்பிய பானையை வெளியே கொட்டிவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

அரசன் கோபமாகத்தான் குதிரையில் ஏறினான். ஆனால் கீழமண்ணூருக்குத்தான் போனான்.

முதல் வீட்டில் சடையன் என்ற குயவன் இன்னும் சுடாத பச்சைப் பானைகள் நனையாமல் ஓலை போட்டு மூடிக்கொண்டிருந்தான். ஒரு கால் விளங்காதவன். அரசன் அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மேட்டை நோக்கி நடந்தான். சடையன் ஊன்றுகோலை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டான். நல்ல கனமான ஆள்.

"மகராசா, என்னை எதுக்குத் தூக்குறீங்க?"

வழியெல்லாம் சேறு. பிணமாக இருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது.

"மகராசா, கேக்குறேன்ல?"

"சாயங்காலம் ஏரிக்கரையை வெட்டப்போறேன். உங்க ஊர் முழுகிரும்."

தோளில் கிடந்தவனின் மூச்சு அரசனின் கழுத்தில் பட்டது.

"என் வீடு?"

"போயிரும்."

"சூளை?"

"அதுவும்தான்."

"பட்டணத்துச் சனம் பொழைக்கவா?"

"ஆமா."

"இறக்கி விடுங்க."

அரசன் இறக்கிவிட்டான். சடையன் ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்தபடி அவனையே பார்த்தான். அரசனுக்குப் பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. அடித்தால் அடிக்கட்டும் என்று நின்றான்.

சடையன் சேற்றில் காறித் துப்பினான். பிறகு திரும்பி ஊரைப் பார்த்து நொண்டிக்கொண்டே நடந்தான்.

"எங்க போறே?"

"எல்லாரையும் கூட்டியாரத்தான். நீங்க ஒத்த ஒத்த ஆளாத் தூக்கினா சாயங்காலத்துக்குள்ள ஆகுமா?"