முள்ளம்பன்றி செய்த அலைப்பலகை

ஒரு காட்டில், ஆறு கடலில் கலக்கும் மணல்மேட்டை ஒட்டி, தாழை என்ற முள்ளம்பன்றி வளை தோண்டி வாழ்ந்து வந்தது. எடுத்த வேலையைப் பாதியில் விடாது. அதுதான் அதன் குணம். அதனாலேயே எந்நேரமும் அசதியோடுதான் இருக்கும்.

அந்த ஆண்டு மழையில் ஆறு பெருகி, கரையை உடைத்துக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தது. கரையின் ஒரு துண்டு பிய்ந்து தனித் திட்டாக நின்றுவிட்டது. அன்றைக்குக் கிழங்கு தேடி அந்தப் பக்கம் போயிருந்த தாழையின் தங்கை நொச்சி, திட்டிலேயே மாட்டிக்கொண்டது.

நீர்நாய் ஒன்று அங்கே போய் வந்து செய்தி சொல்லும். தின்னக் கிழங்கு இருக்கிறது, குடிக்க ஊற்றும் இருக்கிறது, ஆனால் கடல் திட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது என்றது. நொச்சியை முதுகில் சுமந்து வர அதற்கும் ஆசைதான். ஆனால் அத்தனை முள்ளையும் முதுகில் ஏற்றிக்கொண்டு யாரால் நீந்த முடியும்?

தாழை முதலில் வளைக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்த ஒரு மரத்தைக் கடலுக்கு உருட்டப் பார்த்தது. காலையிலிருந்து தள்ளியும் அது வளை வாசலைத் தாண்டவில்லை. தாண்டியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. அவ்வளவு கனமான மரத்தை எதிர் அலை புரட்டிப் போட்டுவிடும் என்று நீர்நாய் சொல்லிவிட்டது.

தாழை தண்ணீர் ஓரமாகப் போய்ச் சாய்ந்து படுத்தது. அதன் உடம்பிலிருந்து உதிர்ந்த முள் ஒன்று தண்ணீரில் விழுந்தது. பெரிய அலை வந்து மோதியது. முள் மூழ்கவில்லை, அலையின் தலைமேல் ஏறி, வழுக்கிக்கொண்டு கரைக்கு வந்தது. தாழை அதை எடுத்துக் கடித்துப் பார்த்தது. உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் காற்று.

"கனம் வேண்டாம். உள்ளே வெறும் கூடாக ஒரு பலகை வேண்டும்" என்று அது தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

அன்றே வளை வாசலில் வேலை தொடங்கியது. நடுவில் முதுகெலும்பு போல ஒரு நீளமான பூவரசங்கழி. அதன் இரு பக்கமும் மீனின் விலா எலும்பு போலச் சின்னச் சின்னக் குச்சிகள். அந்தக் கூட்டின் மேலும் கீழும் போர்த்த, இலவ மரத்தைப் பல்லால் சீவிச் சீவி மெல்லிய பலகைகளாக்கியது. பலகைகளைத் தென்னை நாரால் தைத்து, குங்கிலியப் பிசினைப் புன்னை எண்ணெயில் குழைத்துத் தையல்மேல் பூசியது. வெயிலில் உள்ளே இருக்கும் காற்று உப்பித் தையலைப் பிளந்துவிடாமல் இருக்க, பலகையின் வால் பக்கம் ஒரு துளை போட்டு அதற்கு ஒரு தக்கையும் செய்தது.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது, குழந்தைகளே. செய்யும்போது அப்படி இல்லை. சீவிய பலகை வெயிலில் கோணிக்கொள்ளும்; வேறு சீவ வேண்டும். தைத்த நார் அறுந்துபோகும். பிரித்துத் தைக்க வேண்டும். தாழைக்குப் பல் கூசியது, கழுத்து திரும்பவில்லை. உட்கார்ந்தால் எழ மனம் வராது என்பதால் நின்றுகொண்டே கிழங்கைத் தின்றது. கண்ணை மூடினால் திட்டில் நிற்கும் தங்கை தெரிந்தது. அதனால் கண்ணை மூடவும் பயந்தது.

பக்கத்து வளையில் மூட்டையன் என்ற பெருச்சாளி இருந்தது. கண்டதையெல்லாம் சேர்த்து வைப்பது அதன் குணம். பனங்கொட்டை, தேங்காய்ச் சில், காய்ந்த நண்டு ஓடு என்று எதையும் விடாது. மழைத் தண்ணீர் அதன் வளைக்குள் புகுந்து, சேர்த்ததெல்லாம் பூசணம் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

வேலை தொடங்கிய நாளிலேயே மூட்டையன் அந்தக் கூட்டைப் பார்த்துவிட்டது. இவ்வளவு நல்ல இடம் சும்மா கிடக்கிறதே, என் சாமானை இதில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது. தாழை முடியாது என்றது. மறுநாள் காலை கேட்டபோதும் முடியாது என்றது. பலகை மிதப்பதே அந்த வெற்றிடத்தால்தான் என்று பொறுமையாக விளக்கியும் சொன்னது. மூட்டையன் தலையாட்டிவிட்டுப் போனது. போகிற போக்கில், தாழை எந்த நேரத்தில் மிகவும் களைத்திருக்கும் என்று கவனித்துக்கொண்டது.

மேல்பலகை ஒன்றே ஒன்று மூட வேண்டியிருந்தபோது பொழுது சாய்ந்தது. தாழையின் கை நடுங்கியது. நாரைத் துளையில் கோக்க முயன்று முயன்று தவறவிட்டது. அந்த நேரம் பார்த்து மூட்டையன் வந்தது.

"அக்கா, நீ போய்ப் படு. கடைசிப் பலகையை நானே தைத்துப் பூசிவிடுகிறேன். பதிலுக்கு என் சாமானில் கொஞ்சம் மட்டும் உள்ளே வைத்துக்கொள்கிறேன். கொஞ்சம்தான்."

தாழைக்கு அதன் குரல் எங்கோ தொலைவில் கேட்டது. மறுத்தால் மறுபடி பேச்சு வளரும், விளக்க வேண்டும், அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். படுத்தால் போதும் என்றிருந்தது.

"சரி" என்றது.

காலையில் பலகை அழகாக மூடி, மினுமினுவென்று காய்ந்து கிடந்தது. தாழைக்கு மகிழ்ச்சி. தூக்கிப் பார்த்தது. கனத்தது. 'உடம்பு ஓய்ந்திருக்கிறது, அதனால்தான் கனமாகத் தெரிகிறது' என்று நினைத்துக்கொண்டு இழுத்துப் போனது. நேற்றுச் சொன்ன ஒரு சொல் அதன் நினைவிலேயே இல்லை.

நீர்நாய் முன்னால் நீந்திப் போய், இன்றைக்கு அக்கா வருகிறாள் என்று நொச்சியிடம் சொல்லிவிட்டது. நொச்சி திட்டின் விளிம்பில் வந்து நின்றது.

தாழை பலகைமேல் குப்புறப் படுத்து, முன்னங்கால்களால் துழாவியது. முதல் அலை பலகையைத் தூக்கவில்லை. தலைக்கு மேலேயே போயிற்று. இரண்டாவது அலையில் பலகைக்குள் எதுவோ கடகடவென்று முன்பக்கம் உருண்டது. பலகையின் மூக்கு உள்ளே போனது, வால் மேலே வந்தது, தாழை உப்புத் தண்ணீருக்குள் போனது. நீர்நாய் தையல் நாரைப் பல்லில் கவ்விப் பலகையை இழுத்திருக்காவிட்டால் பலகையும் போயிருக்கும், அதைப் பிடித்திருந்த தாழையும் போயிருக்கும்.

கரையில் கிடந்தபடி தாழை தக்கையைப் பிடுங்கியது. துளை வழியாகப் பழைய நண்டு ஓட்டின் வாடை வந்தது. அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது.

மூட்டையன் ஓடி வந்தது. தன் சாமான் நனையவில்லையே என்றுதான் முதலில் கேட்டது. தாழை துளையைக் காட்டியது.

"கொஞ்சம் என்று சொன்னாய்."

"எனக்குக் கொஞ்சம்தான்" என்றது மூட்டையன். "அதோடு, நீதானே சரி என்றாய்."

அது உண்மை. உடனே பலகையை உடைத்து எல்லாவற்றையும் கடலில் வீசிவிட வேண்டும் என்று கை பரபரத்தது. ஆனால் அந்தக் கையே நடுங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கையால் உடைத்தால் விலாக் குச்சிகளும் சேர்ந்து உடையும். தாழை பலகையை நிழலுக்கு இழுத்துப் போட்டு, அதன்மேல் தலையை வைத்துத் தூங்கியது. வேலை தொடங்கியதிலிருந்து அது ஒழுங்காகத் தூங்கியது அன்றைக்குத்தான்.

எழுந்தபின் கை நடுங்கவில்லை. மேல்பலகையின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தது. உள்ளே இருந்ததைக் கடலில் வீசவில்லை. மூட்டையனின் வளை வாசலில் குவித்தது. ஒரே ஒரு பனங்கொட்டையையாவது விட்டுவைக்கக் கூடாதா என்று மூட்டையன் கெஞ்சியது. தாழை முடியாது என்றது. இந்த முறை காரணம் எதுவும் சொல்லவில்லை.

புதிதாகத் தைக்க வேண்டியிருந்தது. பூசிய குங்கிலியம் காயவும் காத்திருக்க வேண்டியிருந்தது. வானம் வேறு மூடிக்கொண்டிருந்தது. இதற்குள் கடல் ஊற்றில் புகுந்துவிட்டது, நொச்சி குடிக்கத் தண்ணீர் இல்லாமல் கிடக்கிறது என்று நீர்நாய் வந்து சொன்னது. தாழை பலகையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தக் காத்திருப்புதான் எல்லா வேலையையும் விடக் கடினமாக இருந்தது.

கடைசியில் பூச்சு காய்ந்தது. தாழை பலகையைத் தூக்கியது. ஒரு கையால் தூக்க முடிந்தது.

அலை வந்தது; பலகை அதன்மேல் ஏறி இறங்கியது. அடுத்த அலையிலும் ஏறி இறங்கியது. தாழை துழாவித் துழாவித் திட்டை அடைந்தது. திட்டு என்று சொல்ல அங்கே அதிகம் மிச்சமில்லை. ஒரு முதுகளவு மணலில் நொச்சி சுருண்டு கிடந்தது.

"அக்கா, அன்றைக்கே வருவாய் என்று காத்திருந்தேனே" என்றது. அதன் குரல் வறண்டு கரகரத்தது.

"அசதியில் ஒருவனுக்குச் சரி சொல்லிவிட்டேன்" என்றது தாழை. "அதனால்தான் இத்தனை நாள் ஆயிற்று."

நொச்சி தள்ளாடி எழுந்தது. பலகையில் ஏறி அக்காவின் பக்கத்தில் படுத்தது. இரண்டு பேரின் முள்ளும் ஒன்றையொன்று குத்தியது, இருவரும் பொருட்படுத்தவில்லை. பின்னாலிருந்து ஒரு நீண்ட அலை எழுந்து, பலகையை அடியில் பிடித்துத் தூக்கி, கரை வரைக்கும் வழுக்கிக்கொண்டே கொண்டுவந்து விட்டது.

ஆற்றுத் தண்ணீரை நொச்சி வயிறு முட்டக் குடித்தது. ஆனாலும் அந்தத் தொண்டைக் கரகரப்பு அதற்குக் கடைசிவரை போகவே இல்லை.

வளை வரை நடக்கக்கூடத் தெம்பில்லாமல் இரண்டும் மணலிலேயே படுத்தன. அப்போது மூட்டையன் மெல்ல வந்து நின்றது. காரியம் முடிந்துவிட்டதே, இனி இந்தப் பலகை சும்மாதானே கிடக்கும், என் சாமானை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது.

தாழை ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

"தூங்கி எழுந்து சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டது.

நீதி: களைத்திருக்கும்போது யாருக்கும் வாக்குக் கொடுக்காதே, ஓய்வெடுத்து, தெளிந்தபின் பதில் சொல்.