ஆலங்கரை மாடத்தியும் அரமனைக் கஞ்சியும்

ஆத்துக்கு அக்கரையில, ஆலங்கரைன்னு ஒரு ஊர்ல, மாடத்தின்னு ஒருத்தி இருந்தாளாம். நல்லவதான், ஆனா சந்தேகம் பிடிச்சவ. பால்காரன் சிரிச்சா, ‘ஏன் சிரிக்கான், தண்ணி ஊத்திட்டானோ’ம்பா. சிரிக்கலைன்னா, ‘ஏன் உம்முனு இருக்கான், நிறைய ஊத்திட்டானோ’ம்பா. அப்படி ஒரு பிறவி.

அந்தச் சமயத்துல ராச்சியம் பூரா ஒரு சீக்கு வந்துருச்சாம். ஆளுக எல்லாம் இருந்த இடத்துல இருந்தே தின்னு தின்னு பூசணிக்கா கணக்கா உருண்டு போனாங்க, எவ்வளவு தண்ணி குடிச்சாலும் நாக்கு வறண்டு கிடந்தாங்க, ஒண்ணுக்கு ஒதுங்குன இடத்துல எறும்பு மொய்ச்சுது. ஏ, சிரிக்காதீங்க! எறும்பு மொய்ச்சா சக்கரை வியாதின்னு அப்பவே ஊருக்குத் தெரியும். மாடத்தி புருசன் உச்சிமாகாளிக்கும் அதேதான். கால் பெருவிரல்ல முள்ளு குத்துன புண்ணு ஆறவே இல்ல. வைத்தியர் பாத்துட்டு, “தாயி, தித்திப்பு இவன் நாக்குல படவே கூடாது. தைக்குள்ள ஆறலைன்னா காலையே எடுக்கணும்”னுட்டுப் போயிட்டாரு. ஏர் பிடிக்கிறவனுக்குக் கால் போனா என்ன இருக்கு? மாடத்தி அழுதா, பொறவு கண்ணைத் துடைச்சுக்கிட்டு வீட்டுல இருந்த வெல்லம், கருப்பட்டி எல்லாத்தையும் தூக்கி வெளியே குடுத்துட்டா.

ராசாவுக்கும் சேதி போச்சு. மந்திரியக் கூப்பிட்டு, “சனங்க கால் அழுகிச் சாகுதே, என்னய்யா செய்ய?”ன்னு கேட்டாரு.

மந்திரி வாயைப் பொத்திக்கிட்டு, “மகராசா, மிட்டாய்க் கடையெல்லாம் மூடிருவோம். எல்லாரையும் விடிஞ்சதும் ஊரைச் சுத்தி நடக்கச் சொல்லுவோம். ஊருக்கு ஊர் மருந்துக் கஞ்சி ஊத்துவோம், அரமனைச் செலவுல. கஞ்சியை மட்டும் நானே பாத்துக்கிடுதேன்”னான். ராசா மனசு குளுந்து சரின்னுட்டாரு.

அன்னையிலேருந்து கடைக்குப் பூட்டு, சனங்களுக்கு நடை, அப்புறம் அண்டா அண்டாவா கஞ்சி. மேல நிலவேம்பு மிதக்கும், கிட்ட போனாலே கசப்பு வாடை. சனங்க என்ன செஞ்சாங்க? ராசா குடுத்த மருந்தாச்சேன்னு சொம்பைக் கண்ணுல ஒத்திக்கிட்டு, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, ஒரே மடக்கு. கசக்குற மருந்தை யாரு நின்னு ருசி பாப்பா? நீங்க பாப்பீங்களா?

கடையையும் பூட்டியாச்சு, நடந்தும் பாத்தாச்சு, கஞ்சியும் குடிச்சாச்சு. எறும்பு மட்டும் போகலை. புண்ணு விரல்லேருந்து பாதத்துக்கு ஏறுது. மாடத்திக்குச் சந்தேகம் வந்துருச்சு. யாரோ இவருக்குத் திருட்டுத்தனமா இனிப்பு குடுக்காங்க!

நேரா பக்கத்து வீட்டு வெள்ளத்தாயிகிட்ட போனா. “ஏட்டி, எம் புருசனுக்கு அதிரசம் குடுத்தியா?” “அடிப் பாவி, எங்க வீட்டுல மாவே இல்லட்டி!” அவ கோவிச்சுக்கிட்டுப் பேச்சையே விட்டுட்டா. அப்புறம் புருசன்கிட்ட வந்தா. “ஏங்க, மடியில என்ன?” “வெத்தலைட்டி.” “உதறுங்க.” உதறினாரு, வெத்தலைதான். அப்புறம் மாமியாக்காரி பிரமாச்சி. “அத்தை, பெத்த பாசத்துல நீங்கதான் கருப்பட்டியை ஒளிச்சுவச்சுக் குடுக்கீங்க!”

கிழவி முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டா. “எம் மவன் காலை நானே எடுப்பேனாட்டி?”ன்னு விசும்புனா. பாவம், அந்தப் பேச்சைக் கேட்டா யாருக்குத்தான் தாங்கும்?

ஆனாலும் மாடத்திக்குச் சந்தேகம் விடுதா? மறுநாள் காலையில புருசன் வாய்க்குள்ள போறது எல்லாத்துலயும் கொஞ்சம் எடுத்து வாசல் முத்தத்துல வரிசையா வச்சா. கேப்பைக் களி வச்சா, கீரை வச்சா, அத்தை குடுக்குற மோர் வச்சா. எதையும் விடக்கூடாதுன்னு அரமனைக் கஞ்சியையும் சொம்போட கொஞ்சம் மிச்சம் வச்சா. வச்சுட்டுக் காவல் இருந்தா.

எறும்பு வந்துச்சாம். களியைத் தாண்டுச்சாம், கீரையைத் தாண்டுச்சாம், மோரைத் தாண்டுச்சாம், தாண்டிப் போய் கஞ்சிச் சொம்புல ஏறி கறுப்பா மொய்ச்சுதாம்!

மாடத்தி ஓடிப்போய் மாமியா காலைப் பிடிச்சா. “தப்பாப் பேசிட்டேன் அத்தை, மன்னிச்சிருங்க.”

“முதல்ல எம் மவனைக் காப்பாத்துட்டி, பொறவு அழலாம்”னா கிழவி.

மாடத்தி கஞ்சி ஊத்துறவன்கிட்ட போய், “அண்ணாச்சி, மந்திரியார் வீட்டுக்கும் கஞ்சி போகுதா?”ன்னு கேட்டா. “அங்க எதுக்கு? அவங்க கேப்பைக் களில்லா திங்காங்க”ன்னான் அவன். அவ்வளவுதான், சொம்பும் கையுமா அரமனைக்கு நடந்துட்டா.

சபையில ராசா தங்கக் கிண்ணத்துல அதே கஞ்சியைத்தான் வச்சிருந்தாரு. அவரு காலும் வீங்கித்தான் கிடந்துச்சு. மாடத்தி கும்பிட்டு, “மகராசா, இதை மந்திரியார் ஒரு வாய் குடிச்சா நான் பேசாமப் போயிருதேன்”னா.

மந்திரி, “இன்னைக்கு எனக்கு விரதம்”னான்.

“அப்ப நாளைக்குக் குடிங்க, இங்கேயே கிடக்கேன்.”

“நாளைக்கு வயிறு சரியிருக்காது.” பாத்தீங்களா, நாளைக்கு வயிறு கெடப்போறது இன்னைக்கே தெரியுதாம்!

“அப்ப நாளக்கழிச்சு?”

“எனக்குத்தான் வியாதியே இல்லையேம்மா, நான் எதுக்குக் குடிக்கணும்?”

“இதுல எறும்பு மொய்க்குது மகராசா!”ன்னு மாடத்தி போட்டு உடைச்சா. உடனே ராசா கிண்ணத்தைத் தரையில கவுத்தாரு. சபையே குனிஞ்சு பாத்துக்கிட்டு இருக்கு. தூண் இடுக்குலேருந்து ஒரு எறும்பு, அது பின்னால ஒண்ணு, அப்புறம் சாரி சாரியா வந்துருச்சு. மந்திரி ராசா கால்ல விழுந்து உண்மையெல்லாம் கக்கிட்டான். அவனுக்குக் கண்ணுக்கெட்டுன மட்டும் கரும்புத் தோட்டமாம். நல்லவன் வேசத்துக்கு மிட்டாய்க் கடையை மூடிட்டான், அப்ப சாறை எங்க விக்க? அதைப் பாகாக் காய்ச்சி, நிலவேம்பைப் போட்டுக் கசப்பை ஏத்தி, மருந்துன்னு அரமனைக்கே வித்துட்டான். சனங்களுக்குச் சுகமாயிட்டா அவன் வியாபாரம் படுத்துருமே!

ராசாவுக்குக் கண்ணு செவந்துருச்சு. “உன் தோட்டத்தை உழுது சாமையும் கேப்பையும் விதைப்பேன், அது ஊர் வயித்துக்கு. நீ பல்லக்குல ஏறாம ஊர் ஊரா நடந்து போய், உன் கஞ்சியைக் குடிச்சவங்க காலை உன் கையாலயே கழுவி மருந்து கட்டணும். கடைசிப் புண்ணு ஆறுற வரைக்கும்!”

உச்சிமாகாளிக்குப் பெருவிரல் போயிருச்சு, ஆனா கால் தப்பிச்சுது. மந்திரி தண்ணிச் செம்போட ஆலங்கரைக்கு வந்து, அவன் காலடியில உக்காந்து கையை நீட்டினான். மாடத்தி, “நில்லும்!”னு தடுத்தா. செம்புல விரலை முக்கி, நாக்குல வச்சுச் சப்பிப் பாத்தா. பச்சத் தண்ணிதான். அப்புறந்தான், “ம், கழுவும்”னாளாம்.

கதை இம்புட்டுத்தான், கண்ணை மூடுங்க. எவனாவது நல்லதுன்னு ஊத்துனா, அவன் வீட்டுலயும் அதைக் குடிக்காங்களான்னு கேட்டுட்டு வாயத் திறங்க.