வல்லிக்குத் தெரிந்த முகம்

எப்சிபாவிடம் வேலை பழக வந்தவர்களில் மாசானம்தான் வயதில் மூத்தவர். அவளைவிட இருபது வயதாவது கூடுதல் இருக்கும். கேபிள் டிவி காலத்தில் பாளையங்கோட்டைத் தெருக்களில் கம்பம் கம்பமாக ஏறி இறங்கியவர். ஏறத் தெரியும், கம்பி இழுக்கத் தெரியும். ஃபைபரும் வைஃபையும்தான் புதிது. அதைப் படிக்க அந்தச் சின்ன பிராட்பேண்ட் ஆபீசில் அவளுக்குக் கீழே சேர்ந்திருந்தார்.

அவர் அவளை டீச்சர் என்றார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள். இரண்டும் கேலியில் தொடங்கியவைதான். பிறகு அப்படியே நிலைத்துவிட்டன.

ஒருநாள் காலை, வயரின் மேல்தோலை உரித்துக்கொண்டே அவர் கேட்டார்.

"டீச்சர், ஒரு லைன் நல்ல லைனுன்னு எதை வச்சுச் சொல்லுதது?"

"நீங்க எதை வச்சுச் சொல்லுதீய?"

"ஸ்பீடு டெஸ்ட்டுதான். நூறு வேகத்துக்குப் பணம் கட்டுன வீட்டுல நூறு காட்டுச்சுன்னா நல்ல லைனு."

எப்சிபா வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண் படியேறி உள்ளே வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். நின்றபடியே கேட்டாள்.

"இங்க மாசானம்ங்கது யாரு?"

"நான்தாம்மா."

"உங்களைத்தான் பாக்க வந்தேன். எங்க வீட்டுக் கம்ப்ளைன்டை மூடிட்டீயளாமே. 'உங்கள் குறை தீர்க்கப்பட்டது'ன்னு மெசேஜ் வந்திருக்கு. எங்க குறை தீர்ந்த விஷயமே எங்களுக்கு மெசேஜைப் பாத்துத்தான் தெரியுது."

அவள் பெயர் செண்பகம். எப்சிபா நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்ததும் செண்பகத்தின் குரல் கொஞ்சம் இறங்கியது.

அவளுடைய தம்பி இசக்கிராஜா ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில் டிசைன் போடுகிறவன். பிறந்ததிலிருந்து காது கேளாது. அவனுக்குப் பேசி வைத்திருக்கும் வல்லி தஞ்சாவூர்க்காரி. அவளுக்கும் கேளாது. தினம் சாயங்காலம் வீடியோ காலில் இருவரும் கையால் பேசிக்கொள்வார்கள்.

"போன வாரம் அந்தப் பிள்ளை கேட்டிருக்கா, கல்யாணத்துக்கு அப்புறம் எங்க அம்மா நம்மகூட வந்து இருக்கலாமான்னு. அவளை விட்டா அந்த அம்மாவுக்கு யாரும் கிடையாது. இவன் அந்த நிமிசமே சரின்னு தலையாட்டினான். நான் பக்கத்துலதான் நிக்கேன். ஆனா அவளுக்கு என்ன தெரிஞ்சுதாம், தெரியுமா? இவன் கல்லு மாதிரி முழிச்சுக்கிட்டே நின்னானாம். பொறவு நிதானமாத் தலையாட்டினானாம்."

"மனசில்லாமச் சொன்னான்னு நினைச்சுட்டா" என்றாள் எப்சிபா.

"வேற எப்படி நினைப்பா? 'எங்க அம்மா யாருக்கும் பாரமா வர மாட்டாங்க'ன்னு அனுப்பிட்டு போனை வச்சவதான். அதுக்குப் பொறவு எடுக்கவே இல்லை. நெட்டு கோளாறுன்னு இவன் எழுதி அனுப்பினா, சாக்கு சொல்லுதான்ங்கா. இன்னைக்குச் சாயங்காலம் ஒரே ஒரு தடவை பேசுதேன்னு சொல்லியிருக்கா. இன்னைக்கும் இவன் கல்லா நின்னான்னா அவ்வளவுதான்."

மாசானத்துக்குப் பொறுக்கவில்லை.

"நான் நேர்ல வந்து பாத்தேனேம்மா. நீங்க வேலைக்குப் போயிருந்தீய, தம்பி மட்டுந்தான் இருந்தான். நூறுக்கு நூறு காட்டுச்சு. போனை அவன்கிட்டயே காட்டிக் கட்டைவிரலைத் தூக்கினேன். தங்கமான பையன். வேலை முடிஞ்சதும் கொல்லைப்பக்கம் கையைக் காட்டி, கை கழுவிட்டுப் போங்கன்னான். கழுவிட்டுத்தான் வந்தேன்."

எப்சிபா மூடிய கம்ப்ளைன்டை மறுபடி திறந்து வைத்துவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

செண்பகத்தின் வீடு நீளவாக்கில் இருந்தது. முன்னறையில் பூஜை அலமாரி. அதில் பித்தளைத் தகட்டில் செய்த பெரிய முருகன் படம். படத்துக்குப் பின்னால் ரவுட்டர் இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் காய்ந்திருந்தன.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைய எல்லாத்தையும் நோண்டும்" என்றாள் செண்பகம். "சாமிக்குப் பின்னாடின்னா ஒருத்தரும் கை வைக்க மாட்டாங்க. நான்தான் அங்க வைக்கச் சொன்னேன்."

அங்கே மாட்டியவர் மாசானம். வயர் வருவதே தெரியாமல் அலமாரியின் ஓரத்தோடு ஓரமாக ஆணியடித்து ஒளித்திருந்தார். அந்த வேலையில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவர் அலமாரியை ஒட்டி நின்று போனில் வேகத்தை அளந்தார்.

"பாருங்க டீச்சர். தொண்ணூத்தெட்டு."

எப்சிபா அவர் போனைப் பார்க்கவில்லை. இசக்கிராஜாவைப் பார்த்தாள். அவன் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி, தலையைப் படிய வாரியிருந்தான். சாயங்காலத்துக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது.

அவளுக்குக் கைமொழி தெரியாது. அவனுடைய போனைத் தொட்டுக் காட்டினாள். தரையைக் காட்டினாள். நாற்காலியைக் காட்டினாள். எங்கே என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள்.

அவன் முகம் மலர்ந்தது. கொல்லைப்பக்கம் கையை நீட்டினான்.

மூவரும் அவன் பின்னால் போனார்கள். கொல்லையில் வெள்ளையடித்த மதில். அதன் முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலிக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய்.

"இங்கதான் உக்காந்து பேசுவான்" என்றாள் செண்பகம். "சாயங்கால வெளிச்சம் மூஞ்சியில விழும். பின்னாடி வெறும் சுவரு. வீட்டுக்குள்ளன்னா காலண்டரும் கொடியில துணியுமாக் கிடக்கு. கை எது துணி எதுன்னே அவளுக்கு வெளங்காதாம்."

மாசானம் அந்தக் குழாயைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். அன்று கை கழுவிய குழாயை மறுபடி பார்த்தார். பிறகு அவசரமாகப் போனை எடுத்து அங்கே ஒருமுறை அளந்தார்.

"இங்கயும் இருபத்தஞ்சு வருது டீச்சர். வீடியோவுக்கு இது தாராளம். ஏம்மா, அந்தப் பிள்ளை முகம் இவனுக்கு எப்படித் தெரியுது?"

"கண்ணாடி மாதிரித் தெரியுது."

"அப்ப கோளாறு தஞ்சாவூர்ல இருக்கு."

"அண்ணாச்சி" என்றாள் எப்சிபா, "தெருமுக்குல போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

"இப்பவா?"

"இப்பத்தான். போனைக் கொண்டு போங்க. கடையில உக்காந்ததும் இசக்கிராஜா கூப்பிடுவாரு. எடுத்துப் பேசுங்க."

"நான் என்னத்தப் பேச? எனக்கு அவன் பாஷை தெரியாதே."

"தெரிஞ்ச மட்டும் பேசுங்க."

மாசானம் போனார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டம்ளரைக் கையில் வாங்கியபோது போன் அடித்தது. வெள்ளைச் சுவரின் முன்னால் இசக்கிராஜா தெரிந்தான்.

மாசானத்துக்குக் கூச்சமாக இருந்தது. டம்ளரைத் தூக்கிக் காட்டினார். உனக்கும் வேணுமா என்று தலையை அசைத்தார்.

இசக்கிராஜா அசையவில்லை. உதடு மூடியிருந்தது. கண் நேராக அவரையே பார்த்தது.

அவர் டம்ளரை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

அதே முகம். அதே பார்வை.

"யாருண்ணே அது?" டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். "உங்க மேல செம கோவத்துல இருக்காரு போலயே."

மாசானம் கோபம்தான் இருக்கும் என்று நினைத்தார். ஏன் இருக்காது? வீட்டுக்கு வந்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, கம்ப்ளைன்டை மூடிவிட்டுப் போன ஆளிடம் அவன் எதற்குச் சிரிக்க வேண்டும்? உயர்த்திய டம்ளரை மெல்லக் கீழே வைத்தார். போனைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் பெஞ்சைப் பார்த்தார்.

மறுபடி நிமிர்ந்தபோது இசக்கிராஜா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு விரலைக் காட்டினான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு சிட்டிகை காட்டி, உதட்டைத் தொட்டான். ஒரு டீ. சீனி கொஞ்சமாக.

மாசானம் தன் டீயைக் குடிக்கவே இல்லை.

பார்சல் டீயோடு அவர் திரும்பியபோது எப்சிபா கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தாள். அவர் டீயை இசக்கிராஜாவின் கையில் கொடுத்தார்.

"டீச்சர், நான் டம்ளரைத் தூக்கினப்ப இவன் உடனே சிரிச்சானா?"

"தூக்கின உடனேயே சிரிச்சாரு. நீங்க ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டீய?"

அவர் இசக்கிராஜாவின் போனை எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இங்க எல்லாம் சரியாத்தானே தெரியுது?"

"இங்க வர்றது நல்லா வருது. இங்கேருந்து போறதுதான் திணறுது. ரவுட்டருக்குப் பெரிய குரலு அண்ணாச்சி, கத்துனா கொல்லை வரைக்கும் கேக்கும். போனுக்குச் சின்னக் குரலு. அந்தத் தகட்டையும் இத்தனை சுவத்தையும் தாண்டி அது கூப்பிடுதது, முன்னறைக்குக் கேக்குதப்பவே பிந்திருது."

மாசானம் தன் போனை எடுத்து, சற்றுமுன் கொல்லையில் எடுத்த அளவைத் திறந்து பார்த்தார். வருகிற வேகம் பெரிய எழுத்தில் இருந்தது. போகிற வேகம் அதன் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. இதுவரை அவர் அதைப் படித்ததே இல்லை.

முன்னறைக்கு வந்தார்கள். பூஜை அலமாரியின் முன்னால் எப்சிபா நின்றுவிட்டாள்.

"நீங்களே எடுத்துக் குடுத்துருங்கக்கா."

செண்பகம் தயங்கினாள். "பொட்டு வச்சுக் கும்பிட்டதை இறக்கலாமாம்மா?"

எப்சிபா ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள். செண்பகம் வாசலில் டீயோடு நிற்கும் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு படத்தை நகர்த்தினாள்.

"முருகனுக்கு என்ன, நெட்டு இல்லாமலே எல்லாம் தெரியும்" என்று சொல்லி ரவுட்டரை எடுத்து மாசானத்தின் கையில் கொடுத்தாள்.

அவர் தன் ஆணிகளைத் தானே பிடுங்கினார். அலமாரிக்குப் பின்னால் சுருட்டி ஒளித்திருந்த வயரைப் பிரித்தார். நடுவீட்டுச் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி இழுத்து, கொல்லை வாசலின் நிலைக்கு மேலே ரவுட்டரை மாட்டினார். பார்க்க அழகாக இல்லை. அவர் அதைச் சரிசெய்யப் போகவில்லை. சந்தனப் பொட்டை மட்டும் துடைக்காமல் விட்டார்.

வெயில் மதிலில் சாய்ந்தபோது இசக்கிராஜா நாற்காலியில் உட்கார்ந்தான். மாசானமும் எப்சிபாவும் குழாயோரம் ஒதுங்கி நின்றார்கள். போகும்படி யாரும் சொல்லவில்லை.

வல்லி வந்தாள். வட்ட முகம். சிரிப்பு இல்லை. அவள் கைகள் சுருக்கமாக அசைந்தன.

"நான் என்ன கலர்ல டிரெஸ் போட்டிருக்கேன்னு கேக்கா" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள் செண்பகம்.

இசக்கிராஜாவின் கை உடனே எழுந்தது.

"பச்சைங்கான்."

வல்லி இன்னொன்று கேட்டாள். அவன் பதில் சொல்லி முடிக்குமுன் வேறொன்று கேட்டாள்.

"அவ பின்னாடி சுவத்துல என்ன இருக்குன்னு கேக்கா. பல்லிங்கான். எத்தனை பல்லிங்கா. ஏன் இந்த விரட்டு விரட்டுதா?"

"பதில் உடனே வருதான்னு சோதிக்காங்க" என்றாள் எப்சிபா.

வல்லியின் உதட்டோரம் லேசாக இளகியது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொன்றாக அவற்றை உயர்த்தினாள். செண்பகம் அதைச் சொன்னாள்.

"எங்க அம்மா நம்மகூட இருக்கலாமா?"

அவள் கை கீழே இறங்குவதற்கு முன்பே அவன் தலையாட்டிவிட்டான். நெஞ்சில் கையை வைத்து, இன்னும் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

மாசானம் அவனைப் பார்க்கவில்லை. திரையில் வல்லியின் கண்ணைப் பார்த்தார்.

வல்லி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கையால் பேசுகிறவள். ஆகவே சற்று நேரம் அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

பிறகு அவர்கள் நிறையப் பேசினார்கள். செண்பகம் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இனி சொல்ல மாட்டேன். அது அவங்க பேச்சு."

மாசானம் பழக்கத்தில் போனை எடுத்து ஸ்பீடு டெஸ்ட்டைத் திறந்தார். பொத்தானை அழுத்தாமலே மூடினார். கம்ப்ளைன்ட் இருந்த பக்கத்தைத் திறந்தார்.

"டீச்சர், இதை மூடிரலாமா?"

"என்கிட்டயா கேக்கீய, அண்ணாச்சி? அந்தப் பக்கம் எப்படித் தெரியுதுன்னு கேளுங்க."

அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். இசக்கிராஜா நகர்ந்து இடம் கொடுத்தான். வல்லி இந்தப் புது முகத்தைப் பார்த்தாள்.

கட்டைவிரலை உயர்த்தப் போனவர் பாதியில் மடக்கிக்கொண்டார். வெறும் உள்ளங்கையை அவள் பக்கம் விரித்து, புருவத்தை உயர்த்தி, காத்துக்கொண்டு நின்றார்.