உமைப் பொய்கைக்கு ஒரு மேடு முன்னால்

வருடாவருடம் அடியார்களை உமைப் பொய்கைக்கு அழைத்துப் போகும் வைத்தியலிங்கத் தம்பிரான், அந்தப் பொய்கையை ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை.

சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மரம் செடி முளைக்காத உயரத்தில், இமயத்தில் இருக்கும் ஏரி அது. கடைசி மேட்டை எட்டுவதற்குள் யாராவது ஒருவருக்கு மலைநோய் வந்துவிடும். தலை பிளக்கும், குமட்டும், கால் தள்ளாடும். வழிகாட்டி நோர்பு மற்றவர்களை மேலே கூட்டிப் போவான். தம்பிரான் நோயாளியைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கிக்கொண்டு வருவார். கூட்டி வந்தவன்தான் கொண்டு இறக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

இந்த வருடம் விட்டால் இனி இல்லை. தை பிறந்ததும் அவர் துறவியாக இருக்கும் சைவ மடத்தில் அவருக்கு மடாதிபதியாகப் பட்டம் கட்டுகிறார்கள். பட்டம் ஏற்றவர் அப்புறம் காவிரியைத் தாண்டக் கூடாது. அந்த மடத்து வழக்கம் அப்படி.

இதை நினைத்து அவரைவிட அதிகம் தூக்கம் கெட்டவர் அவருடைய சீடர் அம்பலவாணன். சீடர் என்றாலும் குருவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மலைப்பாதையிலும் வரிசையின் கடைசியில் நின்று, தலைகளை எண்ணி, 'ரைட்' கொடுத்தால்தான் அவருக்குக் கால் நகரும்.

கிளம்பும்போதே அவர் மனதுக்குள் ஒரு விரதம் எடுத்துக்கொண்டார். சாமி பொய்கையைப் பார்க்கும்வரை பகலில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நடையில் நின்று நின்று எல்லாரையும் தண்ணீர் குடிக்க வைக்கிற சாமியிடமா இதைச் சொல்வது? வரிசையின் கடைசியில் நிற்பவர் குடித்தாரா என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

தம்பிரானுக்கு ஒரு பழக்கம் உண்டு. தினமும் காலையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி மூன்று கேள்வி கேட்பார். பதில் வந்த பிறகுதான் திருநீறு.

“தலை வலிக்குதா? சாப்பாடு இறங்குச்சா? தூங்குனீங்களா?”

முதல் முகாமில், கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் லோகாம்பாள், “லேசா வலிக்குது சாமி” என்றார்.

“அப்ப இன்னிக்கு நடை இல்லை. எல்லாரும் இங்கேயே இருப்போம்.”

அம்பலவாணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வந்தா என்னவாம் இந்தம்மாவுக்கு?” என்று முணுமுணுத்தார். லோகாம்பாள் அன்றைக்கெல்லாம் வெந்நீரும் கஞ்சியுமாகப் படுத்துக் கிடந்தார். மறுநாள் வலி போன இடம் தெரியவில்லை. நடை தொடர்ந்தது.

இரண்டாம் முகாமில் விடிந்தபோது அம்பலவாணனின் தலைக்குள் உலக்கை போட்டது போலிருந்தது. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. உப்புமா வாசம் வந்ததுமே குமட்டியது.

இன்னொரு நாள் தாமதமானால் பொய்கை அவ்வளவுதான் என்று அவராகவே கணக்குப் போட்டுக்கொண்டார். தன்னால் சாமிக்கு அது தவறிப்போகக் கூடாது. சுக்கை உரைத்து நெற்றியில் பற்றுப் போட்டார். பற்று காட்டிக் கொடுத்துவிடுமே என்று, அதன்மேல் திருநீற்றைக் குழைத்துப் பட்டையாக அப்பிக்கொண்டார்.

“நான் குடுக்கறதுக்கு முன்னாடியே பூசிட்டீங்களே?” என்றார் தம்பிரான்.

“இன்னிக்குப் பிரதோஷம் சாமி.”

“சரி. தலை?”

“ஜம்முனு இருக்கு.”

“சாப்பாடு?”

“ரெண்டாந்தரம் வாங்கித் தின்னேன்.”

“தூக்கம்?”

“என் குறட்டை கேக்கலையா?”

தம்பிரான் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போனார். இவர் பொய் சொல்வார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அம்பலவாணனுக்குத் தலைவலியைவிட அதுதான் அதிகம் வலித்தது.

அன்று முழுக்க நடந்து மேட்டடியில் தங்கினார்கள். மறுநாள் காலை கடைசி மேட்டில் ஏறத் தொடங்கினார்கள். அதைத் தாண்டினால் பொய்கை. யாருக்கும் ஒன்றுமில்லை என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்ட தம்பிரான், அன்றைக்கு என்றுமில்லாத உற்சாகத்தில் இருந்தார். மூச்சு வாங்கும்போதுகூட அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

பாதி மேட்டில் எல்லாரும் நின்றார்கள். அம்பலவாணன் பின்னாலிருந்து தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“அஞ்சு… ஆறு… ஏழு… ஏழு… ஆறு… ஏழு…”

எண்ணிக்கை அதற்கு மேல் போகவில்லை. யாரோ சிரித்தார்கள். தம்பிரான் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று இறங்கி வந்தார். கைத்தடியால் பனியில் ஒரு கோடு இழுத்தார்.

“இதுமேல அடிக்கு அடி ஒட்டி வச்சு நடங்க.”

“எதுக்கு சாமி? நான் நல்லாத்தான்…” நாக்கு குழறியது.

“நடங்க.”

இரண்டாவது அடியிலேயே அம்பலவாணன் சாய்ந்தார். தம்பிரான் தாங்கிப் பிடித்தார். அவருடைய கையுறை உரசியதில் நெற்றித் திருநீறு உதிர்ந்தது. உள்ளே சுக்குப் பற்று காய்ந்து வெடித்திருந்தது.

“எப்போலேர்ந்து?”

“நேத்துக் காலையிலேர்ந்து.”

தம்பிரான் ஒரே ஒரு முறை மேட்டின் உச்சியைப் பார்த்தார். அவர் பார்த்ததை அம்பலவாணன் பார்த்தார்.

“நோர்பு, நீ இவங்களைக் கூட்டிட்டுப் போ.”

“வேணாம் சாமி! அந்தா இருக்கு, பத்து எட்டு வச்சா வந்துடும். நான் இங்க உக்காந்திருக்கேன். நீங்க ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுங்க.”

“உக்கார்ற நேரம் இல்லை இது. நோய் முத்திடுச்சு, உடனே இறங்கணும்.”

“உங்களுக்காகத்தான் சாமி சொல்லாம இருந்தேன்.”

அம்பலவாணன் குழந்தை மாதிரி அழுதார். தம்பிரான் அவர் கையை எடுத்துத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டார்.

இறங்க இறங்கத் தலைப்பாரம் குறைந்தது. முதல் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது பேச்சு தெளிந்திருந்தது. கஞ்சி தொண்டையில் இறங்கியது. இருமல் மட்டும் விடவில்லை. விரதத்தைப் பற்றி அப்போதுதான் அம்பலவாணன் வாய் திறந்தார்.

“தண்ணியே குடிக்காமயா ஏறுனீங்க?” என்றார் தம்பிரான்.

மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். லோகாம்பாள் ஒரு செம்பில் பொய்கைத் தண்ணீர் கொண்டு வந்திருந்தார்.

“எப்படிம்மா இருந்துச்சு?”

“சொல்லத் தெரியலை சாமி. நீலம்னும் சொல்ல முடியாது, பச்சைன்னும் சொல்ல முடியாது. மலை முழுசும் தண்ணிக்குள்ள தலைகீழா நிக்குது.”

தம்பிரான் விடவில்லை. காற்று அடித்ததா, கரையில் பனி கிடந்ததா, கால் நனைத்தீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கல்யாணத்துக்குப் போக முடியாமல் போனவர், போய் வந்தவரிடம் பந்தியில் என்ன போட்டார்கள் என்று விசாரிப்பதைப் போல இருந்தது அது. அம்பலவாணனால் தாங்க முடியவில்லை. போர்வையை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டார்.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு போர்வையை விலக்கினார்.

“சாமி, நீங்க நோர்புவைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க. நான் இங்கேயே கிடக்கேன்.”

“இருமல் நிக்கலையே உங்களுக்கு. நாளைக்கு இன்னும் கீழ கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டணும். கையில மிச்சமிருந்த ரெண்டு நாளும் அதுக்கே சரியாப் போயிடும்.”

“கையில ரெண்டு நாள் இருந்துச்சா?”

“யாருக்காவது முடியாமப் போனா உக்காரணுமே. எப்பவும் கூடுதலா நாள் வச்சுக்கிட்டுத்தான் கிளம்புவேன்.”

அம்பலவாணன் மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

“உங்களுக்கு வருத்தமா இருக்கா சாமி?”

“இருக்கு.”

தம்பிரான் செம்பிலிருந்த பொய்கைத் தண்ணீரைப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தார். கொதித்ததும் டம்ளரில் ஊற்றி, நன்றாக ஆற்றி, அம்பலவாணன் கையில் கொடுத்தார்.

“குடிங்க.”

அம்பலவாணன் டம்ளரை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

“நான் முந்தாநாள் காலையிலேயே சொல்லியிருந்தா?”

“வேணாம், விடுங்க.”

“சொல்லுங்க சாமி. எனக்குத் தெரியணும்.”

தம்பிரான் அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஒரு நாள் அங்கேயே படுத்திருப்பீங்க. வலி விட்டிருக்கும். இந்நேரம் நாம ரெண்டு பேரும் பொய்கைக் கரையில நின்னுக்கிட்டு இருப்போம்.”