யாருக்கும் இல்லாத பெயர்

தேவசகாயத்துக்கு ஐம்பத்து நாலு வயது. முப்பது வருடம் ரேடியோ ரிப்பேர் பார்த்த மனுஷன், இப்போது மெஹருன்னிசாவிடம் நெட்வொர்க் படிக்கிறார். குருவுக்கு முப்பத்தொன்று. டீச்சர் என்று கூப்பிடுவதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. சொன்னதைக் கேட்பதில்தான் தகராறு.

நாகர்கோவிலில், அடித்து உதைக்கும் புருஷன்மாரிடமிருந்து தப்பி வந்த பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் நாலு கம்ப்யூட்டர்களை இணைக்கும் வேலை அவருக்கு. யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்ற பதிவேடு அதில் ஒன்றில் இருந்தது. அது வெளியே போனால் மறுநாளே எவனாவது வாசலில் வந்து நிற்பான்.

உள் நெட்வொர்க்குக்கு 'டாட் இன்டர்னல்' என்று முடியும் பெயர் வையுங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ரேஷன் கடைப் பெயர் மாதிரி இருக்கிறதே என்று இவருக்கு மனசு ஒப்பவில்லை. 'நிழல்வீடு டாட் காம்' என்று வைத்துவிட்டுப் பெருமையாக வந்து நின்றார்.

"அந்தப் பேரு நம்மளுதா, அண்ணாச்சி?"

"இல்ல டீச்சர். ஆனா தேடிப் பாத்துட்டேன், உலகத்துல ஒருத்தர்கிட்டயும் இல்ல. வீட்டுக்குள்ள கூப்பிடுற பேருதானே, என்ன பயம்?"

டீச்சர் தன் கம்ப்யூட்டரில் கொஞ்ச நேரம் என்னமோ தட்டினார்.

"வார்டன் அக்கா கோர்ட்டுக்குக் கொண்டு போற லேப்டாப்ப எடுத்துட்டு வாங்க. டீ குடிப்போம்."

டீக்கடையில் டீச்சர் தன் போனிலிருந்து லேப்டாப்புக்கு இன்டர்நெட் கொடுத்தார்.

"திறங்க."

திறந்தார். வேறு எதையும் தொடவில்லை. லேப்டாப் வழக்கம்போலப் பதிவேட்டுக் கம்ப்யூட்டரைப் பெயர் சொல்லித் தேடியது. அடுத்த நிமிஷம் வார்டனின் பாஸ்வேர்டு டீச்சரின் போன் திரையில் வந்து நின்றது.

தேவசகாயம் லேப்டாப்பைப் படக்கென்று மூடினார்.

"எப்படி டீச்சர்? யாருகிட்டயும் இல்லாத பேருல்லா?"

"கொஞ்சம் முன்ன வரைக்கும் இல்ல. நான் என் பேர்ல பதிஞ்சுக்கிட்டேன். வீட்டுக்கு வெளிய வந்ததும் இது உலகத்துகிட்ட வழி கேட்டுச்சு. உலகம் என்னைக் காட்டுச்சு. பதிவேட்டுக் கம்ப்யூட்டர்னு நெனச்சு எங்கிட்ட பாஸ்வேர்டையும் குடுத்துருச்சு."

"'இன்டர்னல்'னு வச்சிருந்தா?"

"அத வெளிய யாருக்கும் குடுக்க மாட்டாங்க. ஒதுக்கியே வச்சிருக்காங்க. நான் கேட்டாலும் கிடைக்காது."

அவருக்கு வெட்கமாக இருந்தது. பதிந்தது டீச்சர்தானே என்று நிம்மதியாகவும் இருந்தது. நாலு கம்ப்யூட்டரிலும் பெயரை மாற்ற இன்னும் இரண்டு நாள் மாரடிக்க வேண்டும்.

"அப்ப பேரு அப்படியே இருக்கட்டும் டீச்சர். உங்க கையிலதான இருக்கு. உங்கள நம்பாம யார நம்ப?"

மெஹருன்னிசா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அந்த வீட்டுல பதினோரு பேரு இருக்காங்க, அண்ணாச்சி. எல்லாரும் ஒருத்தன நம்பி வாழப் போனவங்கதான்."