முதுகு காட்டாத மன்னருக்கு மூலநோய்

மேலச்சோலைச் சீமையின் மன்னர்களுக்கு முதுகே கிடையாது. இருந்தது, ஆனால் யாரும் பார்க்கக் கூடாது. எந்தக் காலத்திலோ ஒரு முப்பாட்டனார் போரில் எதிரிக்கு முதுகு காட்டவில்லையாம். பிறகு வந்தவர்கள் போருக்குப் போகிற சிரமத்தை விட்டுவிட்டு, முதுகு காட்டாததை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். மன்னரின் முதுகைப் பார்த்தவர் தலை போகும் என்று சட்டமே போட்டாயிற்று. முதுகு என்பது பிடரியில் தொடங்கிக் குதிகாலில் முடிகிறது என்று பிரதானி நல்லபெருமாள் அதற்கு விளக்கமும் சொல்லியிருந்தார். சாமரம் வீசும் பெண்கள்கூட முன்னால் நின்றுதான் வீசுவார்கள். மன்னர் சிங்கமாறரின் மீசை எந்நேரமும் பறந்துகொண்டிருக்கும்.

அப்படிப்பட்டவருக்கு மூலநோய் வந்தது.

சிம்மாசனத்தில் உட்கார முடியவில்லை. மன்னர் நிற்கும்போது மற்றவர்கள் உட்காரலாமா? அவை மொத்தமும் நின்றது. பிரதானி கால் வீங்கிப்போய், ஒற்றைக் காலில் நின்றே வழக்குக் கேட்டார்.

வைத்தியர் சடையப்பர் வந்தார். எரிச்சல் உண்டா, ரத்தம் போகிறதா என்று கேட்டார். மன்னர் விட்டத்தைப் பார்த்தபடி தலையாட்டினார். ஆரம்ப நிலை என்றால் கீரை, மோர், கருணைக்கிழங்கு, வெந்நீர்த் தொட்டி போதும் என்றார் வைத்தியர். வெளியே தள்ளியிருந்தால் மருந்து தடவிய நூலால் கட்ட வேண்டும். அதற்கும் மிஞ்சினால் கத்தி. மூலமே இல்லாமல் குடலில் வேறு கோளாறு என்றால் இவை எதுவும் உதவாது. ஆகவே பார்த்தாக வேண்டும்.

“பார்த்தால் உம் தலை போகும்,” என்றார் மன்னர். “நாளைக்குள் வலி குறையாவிட்டாலும் போகும்.”

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஒரு தூணோரம் நின்றிருந்தாள் குழல்வாய்மொழி. அந்தப்புரத்துப் பெண்கள் அவைக்கு வரக் கூடாது என்பதால், அவர்களுடைய வாயாக ராணி அவளை அமர்த்தியிருந்தாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வலிக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் ‘பொறுத்துக்கொள்’ என்று சொல்லாத ஒரே வைத்தியர் அந்தச் சீமையில் சடையப்பர்தான். அவர் தலையையா எடுப்பது?

முன்னால் வந்தாள். சட்டம் மன்னரின் முதுகைத்தானே சொல்கிறது என்றாள். கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டால் அது வெறும் முதுகு. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

கிரீடம் ஒரு நொடிகூடத் தலையில்லாமல் இருக்கக் கூடாது என்றார் பிரதானி. வேறு வழியில்லை என்றால் தாமே சுமக்கத் தயார் என்றும், கேட்பதற்கு முன்பே, சொன்னார். மன்னர் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

“என் தலையில் வையுங்கள், மகாராஜா,” என்றாள் குழல்வாய்மொழி.

பிரதானி சிரித்தார். “பெண் தலையில் வைத்தால் அது முடிசூட்டே ஆகாது, தெரியுமா?”

“நல்லதாய்ப் போயிற்று. அப்படியானால், திருப்பித் தரமாட்டேன் என்று என்னால் சொல்லவே முடியாது. நீங்கள் சொல்லலாம்.”

வலி மன்னரை யோசிக்க விடவில்லை. கிரீடத்தைக் கழற்றி அவள் தலையில் கவிழ்த்துவிட்டு, வைத்தியரோடு பக்கத்து அறைக்குப் போனார். ஆரம்ப நிலைதான். கத்தியும் வேண்டாம், நூலும் வேண்டாம். நிறையத் தண்ணீர் குடிக்கவும், கழிப்பறையில் உட்கார்ந்துகொண்டு ராஜாங்க யோசனை செய்வதை நிறுத்தவும் சொல்லி, வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்தார் சடையப்பர். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து நிம்மதிப் பெருமூச்சு ஒன்று அவை வரைக்கும் கேட்டது.

மன்னர் வெளியே வந்தார். குழல்வாய்மொழி உடனே கிரீடத்தைக் கொடுத்துவிட்டாள். பிரதானி அதற்காகவே காத்திருந்தார்.

“மகாராஜா, பெண் தலையில் வைத்த முடி செல்லாது. ஆகவே நீங்கள் இடையில் ஒரு கணம்கூட மன்னராக இல்லாமல் போகவில்லை. வைத்தியர் பார்த்தது மன்னரின் முதுகைத்தான்.”

சடையப்பரின் கை தன்னையறியாமல் கழுத்தைத் தடவிக்கொண்டது. குழல்வாய்மொழிக்கோ, வாதம் என்று வந்துவிட்டால் பயம் இரண்டாம்பட்சம்.

“சரி, பிரதானி ஐயா சொல்கிறபடியே வைத்துக்கொள்வோம். அப்போது முதுகைக் காட்டியது யார்? மன்னர். இந்த வம்சத்திலேயே முதுகு காட்டிய முதல் மன்னர் இவர்தான் என்று ஐயா அவையறியச் சொல்லட்டும். அதைச் சொல்ல மாட்டார் என்றால், என் தலையில் இருந்த முடி செல்லும் என்று சொல்லட்டும். எது?”

பிரதானி மன்னரைப் பார்த்தார். மன்னர் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

“பெண்... முடி சூடலாம்,” என்றார் பிரதானி, தன் வீங்கிய காலைப் பார்த்து.

“கடைசி வரிசைக்குக் கேட்கவில்லையாம்.”

“பெண் முடி சூடலாம்.”

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு எங்கேயோ சுருக்கென்று இழுக்க, தூணைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சிரித்தார். வைத்தியருக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். “உனக்கு என்ன வேண்டும், பெண்ணே?”

“எனக்கு ஒன்றும் வேண்டாம், மகாராஜா. ராணியம்மா ஒன்று கேட்டுவரச் சொன்னார்கள். அந்த வெந்நீர்த் தொட்டி எப்போது காலியாகும்?”

“அவளுக்கு எதற்கு?”

“மூத்த இளவரசர் பிறந்ததிலிருந்து அவர்களுக்கும் இதேதான். இளவரசருக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது.”