தொட்டித் தண்ணீரில் உறையாத தயிர்

பல்லடம் பக்கம் பிராய்லர் பண்ணை வைத்திருந்த பொன்னுரங்கத்துக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது. அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். கோழிகளின் குடலுக்கு நல்ல கிருமிகளைத் தரும் புரோபயாட்டிக் பவுடரை வாங்கி வந்து, தண்ணீர்த் தொட்டியில் கலக்கும் வேலையைப் பண்ணையாள் மயிலாத்தாளிடம் விட்டார். பத்து நாளாகியும் கோழிகளுக்குக் கழிச்சல் நிற்கவில்லை.

"நீ கலக்கவே இல்ல. கலந்திருந்தா அந்தக் கிருமி எங்க? நாளைக்கு மத்தியானத்துக்குள்ள எங்கண்ணுல காட்டு. இல்லாட்டி வேலைக்கு வராத!" என்று குதித்தார்.

"காட்டிடலாமுங்க," என்றாள் மயிலாத்தாள்.

பண்ணையில் அவருக்குச் சோறாக்கிப் போடுவதும் அவள்தான். மறுநாள் மத்தியானம் தயிர் கேட்டார். கிண்ணத்தைச் சாய்த்தாள். இலையில் வெறும் பால் ஓடியது.

"என்ன புள்ள இது? உறை ஊத்துனியா இல்லியா?"

"ஊத்துனனுங்க. துளி மோரை நம்ம தொட்டித் தண்ணியில கலக்கி, அரைமணி நேரம் வெச்சு ஊத்துனேன். இந்த இன்னொரு கிண்ணத்துக்குக் கிணத்துத் தண்ணிங்க."

இரண்டாவது கிண்ணத்தைக் கவிழ்த்தாள். தயிர் கட்டியாக விழுந்தது.

"பாலை உறைய வெக்கறதும் கண்ணுக்குத் தெரியாத கிருமிதானுங்க. தொட்டித் தண்ணி பட்டதும் செத்துப்போச்சு. நம்ம பவுடருக்கும் இதே கதிதானுங்க."

"அப்படி என்னத்தடி கொட்டுன தொட்டியில?"

"பிளீச்சிங் பவுடருங்க. நான் போட்டா கம்மியாப் போட்டுருவேன்னு, தினமும் காலையில நீங்கதானுங்க உங்க கையால ரெண்டு பங்கு கொட்டறீங்க."

அதற்குப் பிறகு பொன்னுரங்கம் வாயைத் திறந்தது தயிர்ச்சோற்றுக்கு மட்டும்தான்.